பம்பில் யாரோ வைத்த சல்லடை

ஹலோ... என்னது? "மரத்து மேல இருக்கற மாமா ஏன் நீல எச்சில் துப்பறாரு?"... ஜோவிட்டா, நீதானா! போனை எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாம அதே கேள்வியா? ... ஆமாம்மா, ஜலஜாட்சி அத்தைதான் பேசறேன். ... இல்லடி கண்ணு, பதில் இன்னும் கிடைக்கல. போன மாசம் எங்க பாக்குத் தோட்டத்துக்கு வந்தப்ப கேட்டே, நான் சிரிச்சிட்டு விட்டுட்டேன். ... சரி, சரி, கட்டாயம் கேட்டுச் சொல்றேன். இன்னைக்கும் அதே தூமப்பா மாமாதான் மரத்து மேல உட்கார்ந்திருக்காரு. ... ஆமா, மருந்தடிக்கத்தான். அடிக்க முடியாமத்தான் உட்கார்ந்திருக்காரு! ... ஏன், உனக்குப் பள்ளிக்கூடம் இல்லியா? ... மழை லீவா? நல்லா விட்டாங்க லீவு. இங்க வெயில் பல்லைக் காட்டுது. அப்பாகிட்ட போனைக் குடும்மா, சீக்கிரம்.

ஹலோ, லிகோரியா? ... நலம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம். ஒண்ணு கேட்கறேன், மறைக்காமச் சொல்லு. மழைக்கு முன்னாடி என் பம்பை உன் கடைக்கு எடுத்துட்டுப் போனியே, அதுல இருந்து எதைக் கழட்டினே? ... கோபம் இல்லப்பா, கேட்கறேன். ... ஆமா, ஆமா, உன்மேல நம்பிக்கை இருக்கு. இருக்கறதாலதான் முதல்ல உன்கிட்ட கேட்கறேன். ... எதையும் கழட்டல? நிச்சயமா? ... குழந்தை இயேசு மேலயெல்லாம் ஆணை போடாத மகராசா, வாயால சொன்னாப் போதும்.

சரி, கேளு. இத்தனை நாளா ஊத்தின மழை இன்னைக்குக் காலையிலதான் விட்டிருக்கு. மேற்கே பார்த்தா மறுபடி கறுத்துக்கிட்டு வருது. அது வந்து சேர்றதுக்குள்ள மீதிப் பாதித் தோட்டத்துக்கும் மருந்து ஏறணும். ... அதேதான், காய் அழுகல். ஓடை ஓரத்துல இன்னைக்கே நாலஞ்சு காய் வெள்ளை பூத்து விழுந்து கிடக்கு. இந்தப் பாக்கை நம்பித்தான் எங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு கண்ணு ஆபரேஷன். ... ஒரு கண்ணு ஆச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு வாசல்ல சாய்ஞ்சிருக்கார். குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதிகாரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லல!

பம்பா? ஓடுது. ஓடாம என்ன. கொஞ்ச நேரம் நல்லாப் பீய்ச்சும். அப்புறம் என்ன ஆகுதோ, மேல போய்ச் சேர்றப்ப சளி பிடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது. ... பெட்ரோல் இருக்கு. ... பெல்ட்டும் சரியா இருக்கு. ... ஓஸ் மடங்கல, நானே கடைசி வரைக்கும் தடவிப் பார்த்துட்டேன். ... கலவை எப்பவும் போலத்தான். நீல மயில்துத்தம், சுண்ணாம்பு. அரிவாளை முக்கிப் பார்த்தேன், செம்புச் சிவப்பு ஏறல, சுண்ணாம்பு சரியாத்தான் இருக்கு. ... வடிகட்டினேனான்னு என்னைக் கேட்கறியே! என் பழைய சேலையை மடிச்சுக் கட்டித்தான் பீப்பாய்ல ஊத்தினேன்.

லிகோரி, இது மிஷின் கோளாறு இல்ல. ஆளு கோளாறு. ... இரு, கொஞ்சம் தள்ளி வந்து சொல்றேன். மேல இருக்கறவனுக்குக் காது கூர்மை.

... ஆமா, தூமப்பாவைத்தான் சொல்றேன். ... நல்லவன்தான், யார் இல்லேன்னா? பன்னெண்டு பதிமூணு வருஷமா நம்ம தோட்டத்துல ஏறறான். ஆனா இன்னைக்கு அவன் நடந்துக்கறது சரியில்ல. காலையில இருந்து மரத்துல இருந்து இறங்கி இறங்கி வர்றான். மரத்துக்கு மரம் தாவிப் போறவன் எவனாவது நடுவுல இறங்குவானா? நேராப் பம்புகிட்ட போறான், குனிஞ்சு எதையோ திருகறான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "தண்ணி குடிக்க வந்தேன்க்கா"ங்கறான். தண்ணிக் குடம் இங்கே இருக்கு, பம்பு அங்கே இருக்கு! ... அதானே? நீயே சொல்லு.

இன்னொண்ணு. நம்ம வீட்டுக் கஞ்சின்னா மூணு தடவை வாங்கிக் குடிக்கறவன், இப்பல்லாம் அரை வயித்தோட எழுந்திரிக்கறான். மாங்காய் ஊறுகாயைத் தொடறதே இல்ல. இலை ஓரத்துல ஒதுக்கி வெச்சிட்டுப் போறான். மனசுல ஏதோ இருக்கறவன்தான் சாப்பாட்டை ஒதுக்குவான். ... பல்வலியா? பல்வலின்னா சொல்ல மாட்டானா? வாயைத் திறந்தாத்தானே!

யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. ... யாரோன்னா யாரு? எனக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க? ... அந்த மனுஷன்தான். மோனப்ப கௌடர். ... பேரைச் சொல்லவே எனக்கு வாய் கூசுது. எல்லைக் கல்லு நட்டதுல இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லைன்னு உனக்குத் தெரியாதா? என் கடைசி வரிசை மரமெல்லாம் அவரோடதாம். நட்டது நான், தண்ணி ஊத்தினது நான், பாக்கு மட்டும் அவருக்கு!

... நான் கண்ணால பார்க்காமச் சொல்வேனா? ஞாயித்துக்கிழமை. நான் சுப்பிரமணிய சாமி கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பறேன். நம்ம பம்பு ஷெட்டுல இருந்து ஒரு குடை வெளிய வருது. குடைக்குக் கீழ அந்த ஆளு. என்னைப் பார்த்தாரோ இல்லையோ, விறுவிறுன்னு ஓடைப் பக்கம் இறங்கிப் போயிட்டார். அந்த வயசுல அந்த வேகத்துல எவனாவது சும்மா போவானா? ... நான் ஏன் கூப்பிடல? பேச்சு இல்லாத ஆளை எப்படிப்பா கூப்பிடறது! ... எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் ஒரு கண்ணோட என்ன பண்ணுவார்? "பாம்பு ஏதாவது அடிக்க வந்திருப்பார்"ங்கறார். பாம்பாம்! பாம்பே பாம்பை அடிக்குமா?

... சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது.

... எந்தக் கிண்ணம்? ... ஓ, பீப்பாய்க்கும் பம்புக்கும் நடுவுல, ஓஸ்ல ஒரு கிண்ணம் தொங்குமே, பில்டர் கிண்ணம். அதுவா? அதுல என்ன இருக்கு பார்க்க? அது வெறும் கிண்ணம்ப்பா. ... வெறும் கிண்ணம்தான்ங்கறேன். உள்ள ஒண்ணும் கிடையாது. ... சரி, சரி, உன் திருப்திக்குத் திறக்கறேன். பம்பை நிறுத்தறேன், இரு.

... ம். நிறுத்தியாச்சு. எந்தப் பக்கம் திருகணும்? ... இடப்பக்கமா. ... வரமாட்டேங்குது. ... வருது, வருது. ... ஐயோ, புடவையெல்லாம் நீலம்! ... லிகோரி.

லிகோரி, உள்ள ஏதோ இருக்கு.

... குழல் மாதிரி. கம்பி வலைக் குழல். ... சேறு அப்பியிருக்கு. சுண்ணாம்புக் கல்லுப் பொடி, பாசி, பாக்குப் பூவோட நார்... இதென்ன, என் சேலை நூலா? இத்தனை குப்பை எங்க இருந்து வந்துச்சு? ... சல்லடையா? இதுல சல்லடை கிடையாதேப்பா! இத்தனை வருஷமா இது வெறும் கிண்ணம்தான். ... இல்லவே இல்ல. ... ஆமா, சல்லடை இல்லாமத்தான் ஓட்டினோம். நல்லாத்தான் ஓடிச்சு! ... என்னைத் திட்டாத. நான் கழட்டல. எங்க வீட்டுக்காரர்தான் கழட்டினார். அடிக்கடி அடைச்சுக்குது, மேல ஆளு காத்துக் கிடக்கறான், மழை வந்துடுதுன்னு ஒரு நாள் கோபத்துல பிடுங்கி எறிஞ்சார். ... எல்லார் வீட்லயும் அதைத்தான் பண்றாங்களா? அப்போ எங்களை மட்டும் ஏன் சொல்றே?

... கண்டுபிடிச்சிட்டேன். கண்டுபிடிச்சிட்டேன் லிகோரி! தண்ணி விட்டுக் கழுவறேன், அடியில பாரு, பச்சைப் பெயிண்ட்டு. ... பச்சைப் பெயிண்ட்டு அடிச்ச சாமான் இந்த ஊர்ல யாருது? ஏணிக்குப் பச்சை, வாளிக்குப் பச்சை, குடைக் காம்புக்குப் பச்சை. வீட்டுப் பசுவை மட்டும்தான் அந்த மனுஷன் விட்டு வெச்சிருக்கார். ... மோனப்ப கௌடரோடதுதான், சந்தேகமே இல்ல. வெயில் அடிக்கற அன்னைக்குப் பார்த்து என் பம்பை அடைக்கணும்னு கொண்டுவந்து மாட்டியிருக்கார். தூமப்பாவும் கூட்டு. அதான் திருகித் திருகிப் பார்த்திருக்கான்! என் காய் அழுகி விழணும், நான் தோட்டத்தை வித்துட்டு மகன்கூட பெங்களூருக்குப் போகணும், அதுதானே வேணும்?

... என்ன, உனக்கு ஏதோ தெரியுமா? ... சொல்லு. ... சனிக்கிழமையா? உன் கடைக்கு வந்தாரா? எதுக்கு? ... இதே அளவு சல்லடை கேட்டாரா? பார்த்தியா! முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கார். நீயும் வித்திருக்கே! ... விக்கல? ... ஸ்டாக் இல்லியா. ... அப்போ இது? ... அவரோட பம்புல இருந்தே கழட்டினதா? தன் பம்பை வெறுமையாக்கிட்டு என் பம்புல கொண்டுவந்து மாட்டினாரா? ஏன்? கெடுக்கறதுன்னா ஒரு பிடி மண்ணைப் போட்டா ஆச்சே. எதுக்குச் சொந்தச் சல்லடையை...

... என்ன சொன்னார்? ... முழுசாச் சொல்லு. சும்மா இழுக்காத.

... ம்.

... ம்.

... சல்லடை இல்லாம குப்பை மேல ஏறி ஓஸ் முனை நாசில் அடைச்சா, மரத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னா... தட்டி விடுவாங்க. ... இல்லியா? ... தட்டினா போகாதா? ... வாயில வெச்சா?

... வாயில வெச்சு ஊதுவாங்களா. துத்தம் கலந்த நாசிலை.

லிகோரி, ஜோவிட்டா கேட்ட நீல எச்சில் அதுதானா?

... இரு. ஒரு நிமிஷம் இரு.

... இல்ல, அழல. வெயில் கண்ணைக் குத்துது. சொல்லு, கௌடர் என்ன சொன்னார். ... போன வாரம் அவரோட தோட்டத்துல ஏறினப்பவா. ஆமா, முதல்நாள் நம்மகிட்ட ஏறினான், மறுநாள் அங்கே. ரெண்டு தோட்டத்துலயும் பாதியில மழை வந்துடுச்சு. ... சாப்பிட உட்கார்ந்தானாம். ... மீன் குழம்பைத் தொட்டதும் எழுந்துட்டானா? ... வாயெல்லாம் புண்ணா. உதடு, நாக்கு எல்லாமா? ... "ஜலஜக்கா தோட்டத்துல மரத்துக்கு மரம் அடைக்குது, இறங்க நேரம் இல்ல, ஊதி ஊதித்தான் அடிக்கறேன்"னு சொன்னானா. ... என்கிட்ட ஏன் சொல்லல? ... அக்கா மனசு கஷ்டப்படும்னா? ஐயோ, இந்த ஊறுகாயை... நான் இவன்கிட்ட தினமும், "என்னடா, எங்க உப்பு உனக்கு ஆகலியா"ன்னு கேட்டேன் லிகோரி. வாய் புண்ணா இருக்கறவன்கிட்ட. உப்பைப் பத்திக் கேட்டேன்.

இரு, லைன்லயே இரு. அவன்கிட்ட கேட்டுடறேன்.

தூமப்பா! ... ஏய் தூமப்பா! ... பம்பைப் போடல, பயப்படாத! உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்! ... இந்தச் சல்லடையைக் கௌடர் வெச்சதா? ... முழிக்காதடா, அங்கிருந்து நீ முழிக்கறது எனக்குத் தெரியுது! ... பொய் சொல்லாத, பச்சைப் பெயிண்ட்டைப் பார்த்துட்டேன்! ... ம்? சத்தமாச் சொல்லு! ... சொல்லாதன்னு சொன்னாரா? ... ஏனாம்? ... நான் தூக்கி ஓடையில எறிஞ்சிடுவேன்னா?

... அப்படியா சொன்னாரு.

... எறிஞ்சுதான் இருப்பேன். போன நிமிஷம் வரைக்கும் எறிஞ்சிருப்பேன்.

அப்போ நீ இறங்கி இறங்கி வந்தது? ... கழுவவா? ... பீப்பாய்க்கு ஒரு தடவை கழுவணும்னு கௌடர் சொன்னாரா? அதை வாயைத் திறந்து சொன்னா நான் கழுவ மாட்டேனா? கீழ சும்மாதானே நிக்கறேன், உன்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டு! ... ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நீ கால் தளையைச் சரியாப் போட்டுக்கோ! இதோ, கழுவி மாட்டிட்டேன். பம்பைப் போடறேன். இனி நாசில் வாய்க்குப் போச்சுன்னு தெரிஞ்சா நானே மரம் ஏறி வந்து அடிப்பேன்! ... சிரி, சிரி.

லிகோரி, இருக்கியா? ... கேட்குதா சத்தம்? ... பீய்ச்சுது! குடை விரிச்ச மாதிரி குலை மேல போய் விழுது. சாமி, சுப்பிரமணியா! ... ஆமா, பீப்பாய் முடிஞ்சதும் நிறுத்திக் கழுவறேன். சேலையை இன்னும் ஒரு மடிப்பு மடிக்கறேன். ... மேகமா? வரட்டும், இந்த வேகத்துல போனா முடிச்சிடுவோம்.

... என்னங்க? ... ஒண்ணும் இல்லைங்க! லிகோரிகிட்ட பேசிட்டிருக்கேன்! ... பாம்பு இல்லைங்க, பாம்பே இல்ல! அப்புறம் சொல்றேன், நீங்க கட்டை அவிழ்க்காதீங்க! ... அவருக்கு ஒரு கண்ணு மறைச்சாலும் வாய் மறைக்காது.

லிகோரி, ஒண்ணு சொல்லு. கௌடரோட மீதித் தோட்டத்துக்கு எப்போ மருந்து? ... நாளைக்குக் காலையிலயா. ஏறறது யாரு, இவன்தானே? ... அவரோட பம்புல இப்போ சல்லடை இல்ல. ... துணியா? கிண்ணத்துக்குள்ள துணியைச் சுருட்டி வெச்சுக்கறேன்னு சனிக்கிழமையே உன்கிட்ட சொன்னாரா? ... பம்பு துணியை இழுத்துக்குமா. அப்போ நாளைக்கு அங்கே அடைக்கும். அடைச்சா இவன்... கௌடர் ஊத வேணாம்னுதான் சொல்வார். ஆனா மழை தலைக்கு மேல நிக்கறப்ப மரத்துல இருக்கறவன் யார் பேச்சைக் கேட்பான்? ரெண்டு தோட்டத்துலயும் காய் அழுகக் கூடாது. அவ்வளவுதான் இவனுக்குத் தெரியும்.

உன்கிட்ட இப்போ ஒண்ணுகூட இல்லியா? பழையது, வளைஞ்சது, எதுவா இருந்தாலும்? ... வியாழக்கிழமையா. மங்களூர்ல இருந்து வரணுமா. ... சரி, உன்மேல தப்பு இல்ல.

... என்னங்க! ... ஏங்க! அன்னைக்குப் பம்புல இருந்து ஒரு சல்லடையைப் பிடுங்கினீங்களே, எங்கே எறிஞ்சீங்க? ... ஞாபகப்படுத்திப் பாருங்க! ... கிணத்துலயா? ... இல்லியா? ... ஷெட்டுலயா? எந்த ஆணியில? ... வெள்ளரி விதையா?

லிகோரி, இரு. ... ஆமா, ஷெட்டுக்குள்ளதான் போறேன். ... கோணி, பழைய ஓஸு, எலி தின்ன கயிறு... இதோ. இருக்குப்பா! ஆணியில தொங்குது. உள்ள சாம்பல் போட்டு வெள்ளரி விதை கொட்டி வெச்சிருக்கார். நான் போன வருஷம் விதையைக் காணோம்னு வேலைக்கு வந்த பொண்ணைச் சந்தேகப்பட்டேன். பாவம் அது. ... கிழியல. கம்பி எல்லாம் முழுசா இருக்கு. கழுவினாப் போதும். விதையை முந்தானையில முடிஞ்சுக்கறேன்.

... எதுக்கா? சும்மாதான். நம்ம பொருளு, பார்த்து எடுத்து வெச்சுக்க வேண்டாமா? ... ஆமா, என் பம்புலதான் கௌடரோடது இருக்கே. அது அங்கேயே இருக்கட்டும்.

கௌடர் இப்போ வீட்ல இருப்பாரா? ... சுள்ளியா டவுனுக்கா? கடையைத் தாண்டிப் போனாங்களா, ரெண்டு பேருமா? ... அவர் வீட்டம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவா. அடடா. ... எப்போ வருவாங்க? ... பஸ்ஸு சாயங்காலம்தானே. ... இல்ல, இல்ல, எனக்கு என்ன வந்துச்சு அவங்க எப்போ வந்தா? கேட்டேன், அவ்வளவுதான். பக்கத்து வீடாச்சே.

... ஒண்ணும் இல்லப்பா, நடந்துட்டிருக்கேன். ஒரு பீப்பாய் தீர்ற வரைக்கும் எனக்கு வேலை இல்ல. ... எங்கேயா? இங்கதான், தோட்டத்துல. ... மூச்சு வாங்கறேனா? பலகை வழுக்குது. ... ஓடை மேல போட்ட பலகை. ... எல்லா ஓடையும் ஓடைதானேப்பா, யாரோடதுன்னு எதுக்கு?

லிகோரி, ஒண்ணு கேட்கறேன். எல்லார் பம்புக்கும் இந்தக் கிண்ணம் ஒரே அளவுதானா? ... பொது அறிவுக்குத்தான். ... ஒரே அளவா, நல்லதாப் போச்சு. ... என்ன நல்லதாப் போச்சுன்னா? பொதுவா நல்லதாப் போச்சு!

... ஷ்ஷ்! ஏய், கத்தாத. நான்தான்டா. பார், வெறும் கை. கையில இருக்கறது சல்லடை, கட்டை இல்ல. உன் எஜமான் ஊர்ல இல்லைன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் வந்தேன். படு. படுடா ராஜா.

... உன்கிட்ட இல்ல லிகோரி! நாய்கிட்ட. ... எங்க நாயா? ... ஆமா, எங்க வீட்ல நாய் இல்லதான். ஏதோ தெரு நாய். ... இங்க தெரு ஏதுன்னா? தெரு இல்லாத ஊருக்கு ஒரு தெரு நாய் வரக் கூடாதா? ... ஐயோ, நீ என்ன போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்கறே!

... சரி, கேளு. கிண்ணத்தை இடப்பக்கம் திருகினாத் திறக்கும். மூடறப்ப வலப்பக்கம்தானே? ... இப்பதான் திறந்து மூடினேனா? வயசாச்சுப்பா, அதுக்குள்ள மறந்துட்டேன். ... வலப்பக்கம். சரி. ... ரப்பர் வளையம் மேல வரணுமா, கீழயா? ... மேல. ... துணியை எடுத்துட்டேன். ... எந்தத் துணியா? என்... என் தோள்ல இருந்த துணி.

... நீ எதுக்குச் சிரிக்கறே? ... இல்ல, சிரிக்கறே, எனக்குக் கேட்குது. என்மேலயே சந்தேகமா? நல்லா இருக்கு! காலையில இருந்து நான் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், இப்போ என் முறையா? ... நான் எங்க இருக்கேனா? சொன்னேனே. ... தொட்டில, குழாய்ல எல்லாம் பச்சைப் பெயிண்ட்டு தெரியுதான்னு கேட்காத, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

... லிகோரி, உன்னைக் கும்பிட்டுக் கேட்கறேன். கௌடர் வியாழக்கிழமை சல்லடை கேட்டு உன் கடைக்கு வந்தா, இருந்தாக் குடு, இல்லைன்னா இல்லேன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை பேசாத. ... அவர் என்கிட்ட வந்து சொன்னாரா? சொல்லலியே. அப்போ நானும் எதுக்குச் சொல்லணும்? ... பேச்சு வரும், வராமப் போகாது. எல்லைக் கல்லு பேச்சும் வரும். அது வர்றப்ப வரட்டும். அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத. நாளைக்கு அவன் வாய்ல ஊதக் கூடாது, இன்னைக்கு எனக்கு அது போதும்.

... ஜோவிட்டாவா? கேட்டுட்டே நிக்கறாளா? குடு. ... கண்ணு, பதில் கிடைச்சிடுச்சும்மா. மாமா மருந்துக் குழாயை வாயால ஊதினாரு, அதனால நீலம். இனிமே ஊத மாட்டாரு. ... தெரியும், எப்படியோ தெரியும். ... சமத்து. அப்பாகிட்ட குடு.

... ம்? ... இறுக்கிட்டேன். ... எதையா? முந்தானை முடிச்சை! விதை சிந்துமே. ... அதோ, பம்பு சத்தம் மாறுது, பீப்பாய் தீர்ந்திருக்கும். நான் ஓடணும். ... ஓட வேண்டாமா? சரி, நடந்தே போறேன். ... அட, எங்கிருந்தும் இல்லப்பா. நான் என் வீட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கல. போனை வெச்சிடறேன்.